உடைந்த ஃபோர்க்கும் பையில் அடங்காத பட்டறையும்

சைக்கிளில் தூரம் போகிறவர்கள் கூடினால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: பையில் என்னென்ன வைத்திருக்கிறாய்? பதில் பெரும்பாலும் ஒரு பட்டியலாக இருக்கும். அந்தப் பட்டியலை எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. பட்டியலை விட்டுவிட்டு அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டுமானால், நூறு வருடத்துக்கு முன் பிரான்ஸில் நடந்த ஒரு பழுதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. சைக்கிள் பந்தய வரலாறு படித்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். ஆனால் அதை எப்போதும் வீரக் கதையாகவே சொல்கிறார்கள். நாம் இங்கே அதை ஒரு பழுதுக் கணக்காகப் பார்ப்போம்.

நடந்தது

பல நாள் கட்டம் கட்டமாக ஓடும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், 1913-இன் ஆறாவது கட்டம், பயோன் நகரிலிருந்து லுஷோன் வரை, 326 கிலோமீட்டர். வழியில் பிரனீஸ் மலையின் பெரிய ஏற்றங்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். தார் பார்க்காத சாலைகள். விடிவதற்கு வெகு நேரம் முன்பே இருட்டில் கிளம்பிவிடுவார்கள்.

சைக்கிள் நிறுவனமான பெஜோவின் அணிக்காக ஓட்டிய யூஜென் கிறிஸ்தோஃப் அப்போது மொத்தக் கணக்கில் இரண்டாவது இடத்தில் இருந்தார். முதலிடத்தில் இருந்தவர் முந்தைய வருட வெற்றியாளர் ஒடில் தெஃப்ரே. அன்று மலையில் தெஃப்ரே மிகவும் பின்தங்கிப் போட்டியை விட்டே விலகினார். 1905 முதல் 1912 வரை புள்ளிகளை வைத்துத்தான் வெற்றியாளரைத் தீர்மானித்தார்கள்; 1913-இல் மறுபடியும் மொத்த நேரக் கணக்குக்கு வந்திருந்தார்கள். அதனால் மலையில் நிமிடங்களைச் சம்பாதிக்கத் தெரிந்த கிறிஸ்தோஃபுக்கு அது பொன்னான வருடம். 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மாலே உச்சியை அவரும் பெல்ஜியக்காரர் ஃபிலிப் தீஸும் மற்றவர்களை விட்டுவிட்டு முன்னால் கடந்தார்கள்.

இறக்கத்தில் ஹேண்டில்பார் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிரேக் பிடித்து இறங்கிப் பார்த்தால், முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க் உடைந்திருந்தது. பின்னாளில் அவர் சொன்னது: அந்தச் சமயத்தில் ஃபோர்க் உடைந்தது என்று வெளியே சொல்ல மாட்டேன், வண்டி செய்த நிறுவனத்துக்கு அது கெட்ட விளம்பரம். பந்தய வண்டிகளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வியாபாரி நிற்கிறார். ஒரு பழுதைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அன்றைய விதி கடுமையானது. வண்டியை மாற்றக் கூடாது. யாரும் உதவக் கூடாது. பழுது எதுவானாலும் ஓட்டுகிறவரே பார்க்க வேண்டும். கிறிஸ்தோஃப் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். பத்து கிலோமீட்டருக்கு மேல் நடை, சுமார் இரண்டு மணி நேரம். அவர் பின்னால் விட்டுவந்த அத்தனை பேரும் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள். அடிவாரத்தில் சாந்த்-மரி-த-காம்பான் என்ற சின்ன ஊர். ஒரு பெண் அவரை அங்கிருந்த கொல்லர் லெகோம்த்தின் பட்டறைக்கு அழைத்துப் போனாள்.

கொல்லருக்கு உதவ மனம் இருந்தது. விதி விடவில்லை. பந்தய அதிகாரிகள் பட்டறைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கிறிஸ்தோஃப் 22 மில்லிமீட்டர் குழாய் ஒன்றை எடுத்து, காய்ச்சி, அடித்து, அராவித் தன் ஃபோர்க்கைத் தானே ஒட்டினார். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துருத்தியை மட்டும் கோர்னி என்ற சிறுவன் ஊதிக்கொடுத்தான். அதற்கு அபராதம் பத்து நிமிடம்! பிறகு அதை மூன்றாகக் குறைத்தார்கள். பசிக்கிறது, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று ஓர் அதிகாரி சொன்னதாகவும், கரியைத் தின்னுங்கள் என்று இவர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஃபோர்க் ஒட்டியானதும் பையில் ரொட்டியைத் திணித்துக்கொண்டு கிளம்பினார். மிச்சமிருந்த ஆஸ்பன், பேரசூர்த் ஏற்றங்களையும் ஏறி இறங்கி லுஷோன் போய்ச் சேர்ந்தபோது, முதலில் வந்த தீஸைவிட 3 மணி 50 நிமிடம் பின்னால் இருந்தார். அந்த வருட டூரை வென்றவர் தீஸ். கிறிஸ்தோஃப் ஏழாவது.

அவர் சுமந்ததும் சுமக்காததும்

அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பார்த்தால் ஓட்டுகிறவர்களின் தோளில் குறுக்கும் நெடுக்குமாக டயர் சுற்றியிருக்கும். டியூபை உள்ளே வைத்துத் தைத்த டயர்கள் அவை. சாலையில் குதிரை லாடத்து ஆணிகள் கிடந்த காலம் என்பதால் பஞ்சர் நிச்சயம் வரும், ஒன்றுக்கு மேலும் வரும். பஞ்சரான டயரை உரித்துப் போட்டுவிட்டு மாற்று டயரை மாட்டுவார்கள். வண்டிச் சட்டத்தில் பம்ப். மற்றபடி சில்லறைச் சாமான்.

இது சரியான தேர்வுதான். அடிக்கடி வரும் பழுது, நின்ற இடத்திலேயே சில நிமிடங்களில் தீர்க்கக்கூடியது, வழியிலுள்ள கிராமத்தில் வாங்க முடியாத பொருள் தேவைப்படுவது. மூன்றும் பொருந்தினால் சுமக்க வேண்டியதுதான். டயருக்கு மூன்றும் பொருந்தின.

ஃபோர்க் விஷயத்தில் கணக்கே வேறு. அது அபூர்வமாக உடையும். உடைந்தால் ஓர் அடிகூட ஓட்ட முடியாது. மாற்று ஃபோர்க்கைக் கட்டிக்கொண்டு டூர்மாலே ஏறுவது பைத்தியக்காரத்தனம். ஏறினாலும், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட மலைச்சரிவில் கருவி வேண்டும். ஆக, பையில் ஃபோர்க் இல்லாததைக் குறை என்று சொல்ல முடியாது. அது சரியாகவே விடப்பட்ட பொருள்.

அப்படியிருந்தும் வண்டி அன்றிரவு லுஷோன் போய்ச் சேர்ந்ததே, எப்படி? சாந்த்-மரி-த-காம்பானில் உலை இருந்தது, துருத்தி இருந்தது, பட்டறைக்கல், சுத்தியல், அரம், அளவுக்குப் பொருந்தும் குழாய் எல்லாம் இருந்தன. கிராமத்தில் இல்லாதது, விதி அனுமதித்த ஒரு ஜோடிக் கை. அதைக் கிறிஸ்தோஃப் கொண்டுவந்திருந்தார். சைக்கிள் பந்தயத்துக்கு வரும் முன் அவர் பூட்டு வேலை பழகியவர், இரும்பைத் தெரிந்தவர். அதே இடத்தில் அதே பழுது வேறு ஓட்டுநருக்கு வந்திருந்தால், பட்டறை திறந்தே இருந்தும், அவருக்கு அன்றோடு போட்டி முடிந்திருக்கும்.

இங்கேதான் எனக்கு இந்த நிகழ்வு பயன்படுகிறது. என்ன உடையும் என்று யோசித்துப் பையை நிரப்பினால் பைக்கு எல்லையே கிடையாது. சைக்கிளில் உடையாத பொருள் எது? உடைந்தால் வழியில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று பிரித்தால் பை தானாகச் சிறுத்துவிடும். கிடைப்பதைப் பாதையிடம் விடலாம். கிடைக்காததைச் சுமக்க வேண்டும், அது சிறியதாக இருந்தால். பெரியதாக இருந்தால், எந்த ஊருக்கு நடப்பது என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

அதே பழுது, வேறு இடம்

இந்த முடிவை ஒரே நிகழ்விலிருந்து எடுத்தால் சந்தேகம் வரலாம். பாவம் கிறிஸ்தோஃப், அதற்கும் இடம் வைக்கவில்லை.

முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் டூர் மறுபடி நடந்தது. முன்னிலையில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை கொடுக்கும் வழக்கம் அந்த வருடம்தான் தொடங்கியது. முதலில் அணிந்தவர் கிறிஸ்தோஃப். பதினான்காவது கட்டம் மெட்ஸிலிருந்து டன்கெர்க் வரை, 468 கிலோமீட்டர். போர் நடந்த பூமி, குண்டும் குழியுமான கல் பாவிய சாலைகள். கிட்டத்தட்ட அரை மணி நேரம் முன்னிலையில் இருந்தவருக்கு வலென்சியென் பக்கத்து ரெம் என்ற ஊரில் மறுபடியும் ஃபோர்க் உடைந்தது.

இந்த முறை மலை இல்லை. அது தொழிற்சாலைகள் நிறைந்த வடக்குப் பகுதி, பக்கத்திலேயே சைக்கிள் பட்டறை ஒன்று இருந்தது. விதி மட்டும் அதேதான். தன் கையாலேயே பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முன்னிலை போயிற்று, ஃபிர்மன் லாம்போ வென்றார், இவர் மூன்றாவது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடைந்தது அதே பாகம், ஆள் அதே ஆள், விதியும் அதே விதி. 1913-இல் பட்டறைக்கு நடக்கவே இரண்டு மணி நேரம், அப்புறம் பொதுவான கொல்லுப்பட்டறையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை. 1919-இல் நடை கிட்டத்தட்ட இல்லை. வேலை நேரமும் பாதிக்கும் குறைவு. மிச்சமான மணிகளைக் கொடுத்தது இடம். பையில் எந்த மாற்றமும் இல்லை.

1922-இல் ஆல்ப்ஸ் மலையின் காலிபியே இறக்கத்தில் அவருக்கு மூன்றாவது முறையாகவும் ஃபோர்க் உடைந்தது. இதை வெறும் துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அன்றைய எஃகு ஃபோர்க்குகளும் அன்றைய சாலைகளும் சேர்ந்தால் உலோகம் களைத்துப்போகும். களைப்பு விரிசல் திடீரென்று வருவதில்லை. சின்னதாகத் தொடங்கி ஒவ்வோர் அதிர்விலும் கொஞ்சம் வளர்ந்து கடைசியில்தான் விட்டுப்போகும். அப்படிப்பட்ட பழுதுக்குப் பதில் பையில் கிடையாது. கிளம்புவதற்கு முந்தைய நாள் வண்டியைத் துடைத்து, ஃபோர்க் தலைப்பகுதியிலும் ஹேண்டில்பார் கவ்வும் இடத்திலும் பெயின்ட் கீறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பதில்தான் இருக்கிறது. செயின் தேய்ந்திருக்கிறதா, டயரின் பக்கச் சுவர் வெடித்திருக்கிறதா என்பதும் அப்படியே. அந்தப் பத்து நிமிடத்துக்கு எடை இல்லை.

விதி தன் வேலையைத் தொடர்ந்து செய்தது. 1929-இல் மஞ்சள் சட்டையில் இருந்த விக்தோர் ஃபோன்தான், லுஷோனிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்து ஃபோர்க்கை உடைத்துக்கொண்டார். விடியாத நேரத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஒரு சைக்கிளைக் கடன் வாங்கி, விதிக்காக உடைந்த வண்டியையும் முதுகில் கட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். பிறகு முடியாமல் அழுதுகொண்டே விலகினார். மறு வருடம் தேசிய அணிகள் வந்தன, உதவி பெறவும் அனுமதி வந்தது. 1930-இல் அந்த்ரே லெதுக் மலைச் சரிவில் விழுந்து பெடல் உடைந்தபோது, வேடிக்கை பார்க்க வந்த ஒருவரின் சைக்கிளிலிருந்து பெடலைக் கழற்றி மாட்டிக்கொண்டு போய் அந்த டூரை வென்றார். உதிரிப் பாகம் பார்வையாளரின் வண்டியில் இருந்தது! விதி மாறியவுடன் பாதையே ஒரு கடையாகிவிட்டது.

குறித்த நேரத்துக்குள் நீண்ட தூரத்தை முடிக்க வேண்டிய இன்றைய பிரெவே ஓட்டங்களின் விதி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சொந்த ஆட்களின் உதவியைக் கட்டுப்பாட்டு மையங்களில் மட்டும்தான் வாங்கலாம், பின்னால் கார் வரக் கூடாது. ஆனால் வழியில் யார் வேண்டுமானாலும் போகக்கூடிய கடையில் நீங்களும் போய்ப் பழுது பார்த்துக்கொள்ளலாம். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். நின்ற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 20 கிலோமீட்டர் சராசரி வைப்பவருக்குப் பத்து மணி நேரம் போக மூன்றரை மணி மிச்சம். அந்த மூன்றரை மணிதான் அவருடைய உண்மையான உதிரிப் பாகம். அவ்வளவு அவகாசம் உள்ளவர் பக்கத்து ஊர்க் கடைக்கு உருட்டிக்கொண்டு போகலாம். நேரத்தின் விளிம்பில் ஓட்டுபவர் அதே கடைக்குப் பதிலாகக் கூடுதல் டியூபைச் சுமக்க வேண்டும்.

வால்பாறைப் பாதையில் வைத்துப் பார்த்தால்

இந்தக் கணக்கை நமக்குத் தெரிந்த ஒரு பாதையில் போட்டுப் பார்ப்போம். கோவையிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு, அங்கிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை. ஆழியாறு வரை ஒரு பாதை, அதற்கு மேல் வேறொரு பாதை என்று இதைப் பார்க்க வேண்டும்.

கோவை முதல் பொள்ளாச்சி தாண்டும் வரை பஞ்சர் கடைகள், சைக்கிள் கடைகள், வெல்டிங் கடைகள், லேத் பட்டறைகள் எல்லாம் உண்டு. நம் லெகோம்த்கள் சாலையோரத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியானால் எதையும் சுமக்க வேண்டாமா? இங்கேதான் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். கடை இருக்கிறது, ஆனால் அது யாருடைய சைக்கிளுக்கான கடை?

டியூபை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் சைக்கிள் கடையில் தொங்குவது சாதாரண சைக்கிளுக்கான 28 அங்குல, 26 அங்குல டியூப். ரோடு பைக்கின் 700சி அளவு ரிம்மில் வால்வ் ஓட்டை பெரும்பாலும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்காக ஆறரை மில்லிமீட்டர் அளவில் போட்டிருக்கும். கடையில் உள்ள டியூபின் வால்வ் சுமார் எட்டு மில்லிமீட்டர் தடிமன். ஓட்டைக்குள் நுழையவே நுழையாது, டியூப் அளவு பொருந்துமா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே டியூபைச் சுமக்க வேண்டும். ஆனால் பஞ்சர் ஒட்டும் வேலை? அதைக் கடைக்காரர் நம்மைவிட நன்றாகச் செய்வார். எந்த டியூபானாலும் ரப்பர் ரப்பர்தான்.

காற்று விஷயம் இன்னும் சுவாரசியம். இருசக்கர வண்டிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் எல்லா ஊரிலும் இருக்கிறது. அதன் வாய் மோட்டார் வண்டி டயர்களில் உள்ள தடித்த ஷ்ரேடர் வால்வுக்கானது, பிரெஸ்டாவில் நிற்காது. சுண்டுவிரல் நகம் அளவு பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் வழியிலுள்ள அத்தனை கம்ப்ரசரும் நம்முடையதாகிவிடும். என் கணக்கில் எடைக்கு எடை இதைவிட லாபமான பொருள் கிடையாது. பம்பை வீட்டில் விட்டுவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை, ஆழியாறு தாண்டியதும் கம்ப்ரசர் இருக்காது.

கேபிளும் இதே கதைதான். நேரான ஹேண்டில்பார் சைக்கிளின் பிரேக் கேபிள் முனை உருளை வடிவம், அது ஊர்க் கடையில் கிடைக்கும். வளைந்த ஹேண்டில்பார் லீவருக்கு வேண்டியது பேரிக்காய் மாதிரியான முனை, அது கிடைக்காது. மலையிறக்கம் உள்ள பாதையில் கேபிள் பிரேக் வைத்திருப்பவர் ஒரு உள்கேபிளைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை, வேறு கவலை உண்டு: தேய்ந்த பிரேக் பேடோடு வால்பாறையிலிருந்து இறங்குவது. அதைக் கிளம்பும் முன்பே பார்த்து மாற்றிவிட வேண்டும்.

செயின் அறுந்தால்? செயினைத் தட்டிக் கோர்க்கும் வேலை எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும். ஆனால் பதினொரு கியர் செயினின் ஒல்லியான கண்ணி அவரிடம் இருக்காது, பழைய தடித்த செயினின் முறையில் தட்டினால் அது நிற்காது. அறுந்த இடத்தில் மாட்டும் இணைப்புக் கண்ணியான குவிக் லிங்க், நம் செயினுக்குப் பொருந்துவது ஒன்றோ இரண்டோ, கூடவே செயின் பின்னைத் தள்ளும் கருவி, இவற்றைச் சுமக்க வேண்டும். பத்து கியர் செயினுக்கு வாங்கிய லிங்க் பதினொன்றுக்குப் பொருந்தாது. வண்டியை மாற்றியவர்கள் பையிலுள்ள லிங்க்கை மாற்ற மறந்துவிடுவது உண்டு.

இனி ஹேங்கர். கியர் மாற்றும் பின் டீரெயிலரைச் சட்டத்தோடு இணைக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு, வண்டி சாய்ந்து விழுந்தால் சட்டத்துக்குப் பதிலாகத் தான் வளைந்துகொடுப்பதற்கென்றே இருப்பது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு வடிவம். கோவையின் பெரிய கடைகளிலேயே உங்கள் வண்டிக்குரியது இருக்கும் என்று சொல்ல முடியாது, பொள்ளாச்சியில் நிச்சயம் எதிர்பார்க்க முடியாது. எடையோ ஒரு சின்னச் சாவி அளவு. வழியில் கிடைக்காது, சிறியது, இல்லையென்றால் பயணம் நின்றுவிடும். 1913-இல் தோளில் சுற்றிய டயருக்கு இருந்த தகுதி இன்று இதற்கு இருக்கிறது. இருந்தும் நிறையப் பேர் பையில் இது இருக்காது. காரணம் எளிது. பஞ்சர் அடிக்கடி வருவதால் நினைவில் நிற்கிறது, ஹேங்கர் வளைவது அபூர்வம் என்பதால் மறந்துவிடுகிறது.

ஆழியாறு சோதனைச் சாவடி தாண்டியதும் நிலைமை தலைகீழ். ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக் காடு. அட்டகட்டி போன்ற ஓரிரு இடங்களில் டீக்கடை உண்டு, சைக்கிள் கடை கிடையாது. ஒன்பதாவது வளைவில் வரையாடு நிற்பதைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாகப் பஞ்சர் ஒட்டலாம் என்று தோன்றும். சாயங்காலமானால் அதே சாலை யானைக்குரியது. அதனால் இந்தப் பகுதியில் சாலையோரத்தில் டியூபை மாற்றத்தான் வேண்டும், ஒட்டக் கூடாது. ஒட்டுவதை வால்பாறை அறையில் வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் ஒரு டியூப் போதாது. முதல் பஞ்சரில் அதை மாட்டிவிட்டால் இரண்டாவதற்குக் கையில் ஒன்றுமில்லை. இரண்டு டியூப், கூடவே பேட்ச்சும் சொல்யூஷனும் மூன்றாவது அபாயத்துக்கு. சொல்யூஷன் டியூபை ஒருமுறை திறந்துவிட்டால் சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துபோகும், கிளம்புமுன் அழுத்திப் பார்க்க வேண்டும்.

டியூப்லெஸ் டயர்காரர்கள் ஓட்டையில் செருகும் பிளக் வைத்திருப்பார்கள், சின்ன ஆணிக்கு அதுவே போதும். ஆனால் நம் வெயிலில் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றிய சீலன்ட் திரவம் சீக்கிரம் வற்றிவிடும். கடைசியாக எப்போது ஊற்றினோம் என்பது நினைவில்லையென்றால் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் பிளக் நிற்காது, உள்ளே வைக்கப் பழைய டயரில் வெட்டிய ஒரு துண்டு வேண்டும். இது காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளே அல்ல. ஏதாவது பஞ்சர் கடையில் கேட்டால் கத்தரித்துக் கொடுப்பார்கள்.

கார்பன் டை ஆக்சைடு குப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. 16 கிராம் குப்பி ஒரு ரோடு டயரை ஒரே மூச்சில் நிரப்பிவிடும், உண்மைதான். ஆனால் அந்த வாயு சாதாரண டியூப் ரப்பர் வழியே காற்றைவிட வேகமாகக் கசியும், குப்பியும் ஒரு தடவைக்குத்தான். பந்தயத்தில் நிமிடம் எண்ணுபவருக்குச் சரி. வால்பாறை ஏறுபவருக்குக் கைப்பம்ப் போதும், அது தீர்ந்துபோகாது.

கருவிகளைப் பொறுத்தவரை ஒரு மல்டி டூல் போதும். அது வண்டிக்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து வண்டியின் ஒவ்வொரு திருகையும் அந்த மல்டி டூலால் மட்டும் தொட்டுப் பாருங்கள். எட்டு மில்லிமீட்டர் ஆலன் இல்லாமல் பெடல் கழறாது என்பதோ, டிஸ்க் திருகு நட்சத்திர வடிவ டி25 என்பதோ, பின்சக்கர அச்சுக்கு ஆறு மில்லிமீட்டர் கீ வேண்டும் என்பதோ அப்போதுதான் தெரியும். அதே நேரம், மல்டி டூலில் இருந்தும் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத பகுதி இருந்தால் அதையும் அன்றே பழகிவிடலாம். கிறிஸ்தோஃபின் கையிலிருந்த பூட்டு வேலை போல, செயினைக் குட்டையாக்கி ஒரே கியரில் வீடு வந்து சேரும் வித்தை தெரிந்தவருக்கு ஹேங்கர் முறிந்தாலும் பொள்ளாச்சி வரை வர வழி உண்டு. தெரியாதவர் பையில் செயின் கருவி இரும்புத் துண்டு மாத்திரம்தான்.

விட்டுவிட்டவை

மாற்று டயர், வால்பாறைக்கு வேண்டாம். ஸ்போக் கம்பி ஒன்றிரண்டு இருந்தால் நல்லது, ஆனால் பின்சக்கரத்தில் கேசட் (பல்சக்கர அடுக்கு) பக்கக் கம்பி முறிந்தால் அந்தக் கேசட்டைக் கழற்றக் கருவி வேண்டும். அது இல்லாமல் கம்பி மட்டும் வைத்திருப்பது மன ஆறுதலுக்குத்தான். நிறையக் கம்பி உள்ள சக்கரத்தில் ஒன்று போனால், பிரேக்கைத் தளர்த்திக்கொண்டு மெதுவாக ஊர் வந்துவிடலாம். கோட்டம் எடுக்கப் பொள்ளாச்சிக் கடைக்காரருக்குத் தெரியும். பெரிய ஸ்பேனர், கிரீஸ், எண்ணெய்ப் புட்டி எல்லாம் அவரிடமே இருக்கட்டும்.

நால்வர் சேர்ந்து போகும்போது பம்பும் செயின் கருவியும் குழுவுக்கு இரண்டு இருந்தால் போதும், ஒருவர் முன்னாலும் ஒருவர் கடைசியிலும் வைத்துக்கொள்ள வேண்டும். மலையில் குழு கண்டிப்பாகப் பிரிந்துவிடும், ஒரே ஆளிடம் எல்லாம் இருந்தால் அவர் பத்து வளைவு மேலே நிற்பார். டியூபையும் ஹேங்கரையும் மட்டும் பங்கு போட முடியாது. அவை அவரவர் வண்டிக்குரியவை.

கடைசியாக ஃபோர்க். இன்றைய ரோடு பைக்கில் அது பெரும்பாலும் கார்பன். எஃகுச் சட்டம் வைத்திருப்பவருக்கு உடைந்தாலும் பொள்ளாச்சி வெல்டிங் கடை ஒருநாள் கைகொடுக்கலாம். கார்பனைப் பற்றவைக்க முடியாது, விரிசல் கண்ட கார்பன் ஃபோர்க்கில் டேப் சுற்றிக்கொண்டு நாற்பது வளைவு இறங்குவதை யாரும் யோசிக்கவே கூடாது. ஆக, இந்தப் பழுதுக்குப் பையில் வைக்க வேண்டியது பணமும், சார்ஜ் உள்ள போனும், அதில் வால்பாறையிலோ பொள்ளாச்சியிலோ வாடகைக்குக் குட்டி யானை ஓட்டுகிற ஒருவரின் எண்ணும். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது என்பதால் எந்த வளைவுப் பக்கம் சிக்னல் கிடைக்கும் என்று ஏறும்போதே பார்த்து வைத்துக்கொண்டால், இறங்கும்போது எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.